கேஜுக்கு வைத்த பொட்டு

கம்ப்ரசர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, முதலில் ஒரு வதந்தியைத் தீர்த்துவிடுகிறேன். அந்தக் காலத்தில் என்னை இந்த வேலைக்குப் பொறுக்கி எடுத்தது என் தைரியத்தைப் பார்த்துத்தான் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். என் வேட்டி மாட்டிக்கொண்டதுதான் காரணம்.

அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எங்கள் முதலாளிக்குக் கரிக்கலாம்பாக்கம் பக்கம் நெல்லும் கரும்பும் ஏகப்பட்டது. என் அப்பா அவர் கரும்புக் கொல்லையில் கூலி. அப்பாவுக்குப் பின்னால் நானும் கூலி. முதலாளி ஒரு தடவை பட்டணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், ஐஸ் போட்ட சர்பத்தைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள், "இத்த நம்ம வில்லியனூருல செய்யணும்டா" என்றார். எங்கோ மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து பழைய ஐஸ் மிஷின் ஒன்றை வாங்கினார். கம்ப்ரசர், அதை ஓட்ட ஓர் ஆயில் இன்ஜின், சுருள் சுருளாகக் குழாய்கள். எல்லாம் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் தேர் வீதிப் பக்கம் கட்டியிருந்த கொட்டகைக்கு வந்து சேர்ந்தன.

பட்டணத்து ஃபிட்டர் ஒருவர் மிஷினைப் பூட்டி முதன்முதலில் ஓட்டிக் காட்டினார். வேடிக்கை பார்க்கக் கொல்லை ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தோம். அழுத்தம் கொஞ்சம் அதிகமானதும் பாதுகாப்பு வால்வு தன் கடமையைச் செய்தது. 'புஸ்ஸ்' என்று ஒரு தும்மல். அமோனியா நெடி மூக்கைப் பிய்த்தது. கொட்டகையே காலியாகிவிட்டது. ஃபிட்டர்கூட வாசல்வரை போய்விட்டார். நான் மட்டும் மிஷின் பக்கத்திலேயே நின்றேன். மிஷின் வந்த மரப்பெட்டிக்கு அடியில் என் வேட்டி நுனி சிக்கியிருந்தது. வேட்டியை விட்டுவிட்டு ஓடலாமா, ஊர்ப் பெண்கள் வெளியே நிற்கிறார்களே என்று நான் யோசித்து முடிப்பதற்குள் நெடி அடங்கிவிட்டது.

கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வழிய நின்ற என்னைப் பார்த்து முதலாளி, "இவன்தான்டா ஆம்பள. மிஷினு இனிமே இவனுதுதான்" என்றார்.

அந்த நாளிலிருந்து நான் கரும்புச் சோகை உரிக்கப் போகவில்லை. அந்தக் காய்ந்த இலையை உரித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். தோல் எல்லாம் கீறல், கீறல் மேல் வியர்வை, வியர்வை மேல் வெயில். என் கையில் அந்தக் கீறல்கள் ஆறின மாதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இன்னொரு காரியமும் அன்றைக்கே நடந்தது. ஊரார் பயப்படுகிறார்கள் என்று முதலாளி அந்தப் பாதுகாப்பு வால்வுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். "பொம்பளைங்க இருக்கற எடத்துல இப்பிடியா தும்மறது?" என்றார். இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள் அல்லவா? அன்றைக்குக் கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

கொஞ்ச காலம் சுகமாக ஓடியது. மணப்பட்டிலிருந்து மீன் வியாபாரிகள் ஐஸுக்கு வண்டி கட்டி வந்தார்கள். பாகூர்ப் பக்கம் கல்யாணத்துக்கெல்லாம் எங்கள் ஐஸ் போனது. போய்ச் சேரும்போது பாதி இருக்கும். மீதிப் பாதியை வண்டிக்காரன் குடித்துவிட்டான் என்று சண்டை வரும். அப்போதுதான் சர்க்காரிலிருந்து புது உத்தரவு வந்தது. இந்த மாதிரி அழுத்தத்தில் ஓடும் மிஷின்களைப் பிரெவே வாங்கியவன்தான் ஓட்ட வேண்டும். பிரெவே என்பது உங்கள் சர்ட்டிபிகேட்டுக்குத் தாத்தா. ஒரு சிப்பாய் வந்து இன்ஜின் சக்கரத்துக்கும் தூணுக்கும் நாடா கட்டி, அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனான்.

பிரெவே வாங்க என்ன செய்ய வேண்டும்? சர்க்கார் இன்ஜினியர் முன்னால் மிஷினை நன்றாக ஓட்டிக் காட்ட வேண்டும். நன்றாக ஓட்டப் பழக வேண்டுமானால் மிஷினை ஓட்ட வேண்டும். மிஷினை ஓட்ட வேண்டுமானால் பிரெவே வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதை அரக்கு வைத்துச் சீல் போட்டால் எப்படியோ அப்படி.

முதலாளி மலைக்கவில்லை. "ஓட்டாமலே ஓட்டிப் பழகு" என்றார். தினமும் காலையில் கொட்டகைக்குப் போவேன். நின்ற மிஷினுக்கு எண்ணெய் விடுவேன். திறக்காத வால்வைத் திறப்பதுபோல் கையைத் திருப்புவேன். இன்ஜின் சத்தத்துக்கு முதலாளியே வாயால் 'டுப்பு டுப்பு' என்று போடுவார். நடுவில் திடீரென்று 'டுப்பு... டு...' என்று இழுப்பார். அது இன்ஜின் திணறுகிறது என்று அர்த்தம். நான் ஓடிப்போய் அதைச் சரிசெய்வதுபோல் நடிக்க வேண்டும். பெரிய மனிதர், பஞ்சாயத்து தீர்த்து வைக்கிறவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் மூச்சு வாங்க வாங்க டுப்பு டுப்பு என்பார். வெளியே போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போவார்கள்.

ஆனால் அவர் விளையாடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"ஏகாம்பரம், இந்தத் தபா நீ தேறலன்னா பட்டணத்துலேர்ந்து பிரெவே வச்சிருக்கறவன கூட்டியாருவேன். நீ கொல்லைக்குப் போயிட வேண்டிதுதான். கோச்சிக்காதடா."

கோபம் எங்கே வந்தது? பயம்தான் வந்தது. அன்று சாப்பிடும்போது என் கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். வில்லியனூர்த் தேர் நாள். நம்மூர்த் தேருக்குக் கவர்னர் துரையே வந்து வடம் தொட்டு இழுப்பது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அவரோடு பட்டணத்து ஆபீஸ் பாதி வந்துவிடும். வந்த கையோடு பரீட்சையையும் முடித்துவிடலாம் என்று சர்க்கார் நினைத்தது.

இனி முதலாளி வீட்டம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிஷின் வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. அந்த அம்மாவுக்குப் பெண் குழந்தை இல்லை. "வெள்ளிக்கிழமை என் வூட்டுக்கு வந்த பொண்ணு" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுவார். யாராவது மிஷின் மேல் துண்டைப் போட்டால் திட்டுவார். பரீட்சை என்றதும் அவருக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். பட்டணத்திலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், தன் பெண்ணைப் பார்க்கிறார்கள், பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படியானால் அதற்குப் பெயர் என்ன? பெண் பார்க்கும் சடங்கு.

அன்று நான் குளித்துவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தபோது கேசரி வாசனை வந்தது. வாழைக்காய் பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது. மிஷினுக்குக் கதம்ப மாலை, இன்ஜினுக்குச் சாமந்தி. மிஷின் உச்சியில் அழுத்தம் காட்டும் கேஜ் வட்டமாக, கண்ணாடி போட்டு இருக்கும் அல்லவா? அந்த அம்மா கண்ணுக்கு அதுதான் பெண்ணின் முகம். முகம் முழுவதும் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நடுவில் அப்பளம் போல ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். முள்ளும் தெரியவில்லை, தாண்டினால் ஆபத்து என்று காட்டும் சிவப்புக் கோடும் தெரியவில்லை.

"அம்மா, இத்தத் தொடச்சிட்டு வேற எடத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னாடா சொன்ன? நல்ல நாளும் அதுவுமா, பொண்ணு பாக்க வர நேரத்துல பொட்ட அழிக்கச் சொல்றியா? வாயக் கழுவுடா."

முதலாளியைப் பார்த்தேன். அவர் பஜ்ஜியைப் பார்த்தார்.

இன்ஜினியர் வந்தார். சிவந்த முகம், வெள்ளைக் கோட்டு, தொப்பி. கூடவே துபாசி. இவர்தான் பிரெஞ்சையும் தமிழையும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டியவர். தலைப்பாகையும் மூக்குக்கண்ணாடியுமாகக் கம்பீரமாக இருந்தார். இவரிடம் ஒரு பழக்கம். நாம் இரண்டு வார்த்தை சொன்னால் அவர் பிரெஞ்சில் ஒரு பிரசங்கம் செய்வார். இன்ஜினியர் துரை பெரிய பிரசங்கம் செய்தால், தமிழில் "சரிங்கறாரு" என்பார். முதலில் துபாசி விதிகளைச் சொன்னார். மிஷினை ஓட்ட வேண்டும். துரை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். துரையின் உத்தரவு இல்லாமல் மிஷினை நிறுத்தினால் தேறாதவன் என்று எழுதப்படும். சின்னச் சங்கடத்துக்கெல்லாம் பயந்து நிறுத்துகிறவன் ஆபரேட்டர் அல்ல என்பது சர்க்காரின் அபிப்பிராயம்.

முத்திரையை உடைத்தார்கள். இன்ஜினை ஓட்டினேன். பெல்ட் ஏறியது, கம்ப்ரசர் சுழன்றது. இத்தனை நாள் முதலாளி வாயில் கேட்ட டுப்பு டுப்பை நிஜமாகக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே தேர் கிளம்பிவிட்டது. மேளமும் 'கோவிந்தா', 'நமச்சிவாயா' என்று ரெண்டும் கலந்த கோஷமும் கேட்டன. அம்மா துரைக்குக் கேசரித் தட்டை நீட்டினார். துரை ருசித்துச் சாப்பிட்டார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். எது எண்ணெய், எது கேஸ், எந்தக் குழாய் எங்கே போகிறது. எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் கனத்தது. மாவு கெட்டியானதும் ஆட்டுக்கல் திணறுமே, அப்படி. நான் போய்க் கேஸ் போகிற குழாயைத் தொட்டேன். கையைச் சுட்டது. எப்போதும் சூடாகத்தான் இருக்கும், ஆனால் இப்படி இராது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். அமுக்கிய கேஸ் சூடாக இருக்கும். குழாய்ச் சுருள் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால்தான் அது ஆறும். தண்ணீர் நின்றால் அழுத்தம் ஏறும். எங்கள் சுருளுக்குத் தண்ணீர் கொட்டகைக்குப் பின்னால் இருந்த தொட்டியிலிருந்து வரும். தொட்டி எப்படிக் காயும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. முந்தின நாள்தான் தளும்பத் தளும்ப நிரப்பி வைத்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத் துரை ஏதோ கேட்டார். "இப்ப அழுத்தம் இன்னான்னு கேக்கறாரு" என்றார் துபாசி.

எல்லோரும் கேஜைப் பார்த்தோம். சந்தனமும் குங்குமமும் எங்களைப் பார்த்தன.

"தெரியலீங்க" என்றேன்.

துபாசி நீளமாக ஏதோ சொன்னார். துரை எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டினார். துபாசி பதறிப்போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கவர்னர் வடம் தொடுகிற நாளில் இந்த ஊர்க்காரர்களின் சாமி விஷயத்தில் ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று காலையில்தான் சொல்லி அனுப்பினார்களாம். துரை கைக்குட்டையைப் பாதியில் நிறுத்தி, அதை மடித்துத் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"நீங்க தொடைங்க" என்று துபாசி முதலாளியைப் பார்த்தார்.

"நானா? வூட்டுல குடும்பம் பண்ண வேணாமா?" என்றார் முதலாளி. அம்மா அப்போதுதான் வெளியே தேருக்கு அர்ச்சனைத் தட்டு கொடுக்கப் போயிருந்தார். எதிரில் இல்லாதவரிடமே இவ்வளவு பயம். "நீங்கதான் தொடைங்களேன், நீங்க வெளியூரு."

"நான் சர்க்கார் ஆளு" என்றார் துபாசி.

கடைசியில் குருக்களைக் கேட்பது என்று முடிவாயிற்று. கொல்லை ஆள் ஒருவன் ஓடினான். கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு திரும்பி வந்தான். "குருக்களு தேரு மேல நிக்கறாரு. எறங்க மாட்டாராம். ராகுகாலம் போவட்டும், அப்பால தொடைச்சா தோஷமில்லன்னு மேலேருந்தே சொன்னாரு" என்றான்.

துபாசி இதை மொழிபெயர்த்தார். துரை தலையை ஆட்டிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். ராகுகாலம் எப்போது முடிகிறது என்று கேட்டார்.

தம்பிகளே, படித்தவர், பாரிசில் இன்ஜினியர் பட்டம் வாங்கியவர், மிஷின் தெரிந்தவர். அவரையும் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. முதலாளிக்கு வீட்டம்மா, துபாசிக்குச் சர்க்கார், துரைக்குக் கவர்னர், குருக்களுக்கு ராகுகாலம். அத்தனை நியாயத்துக்கும் நடுவில் கம்ப்ரசர் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. ஆபத்து வரும்போது எல்லோரும் முட்டாளாகிவிடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருப்பார்கள். மிஷின் யாருடைய வேலையோ அவன்தான் அதைச் செய்ய வேண்டும்.

எனக்கோ இரண்டு வழிதான். தொட்டால் வேலை போகும், தொடாவிட்டால் எல்லாமே போகும். மரக்கட்டை முட்டுக் கொடுத்த வால்வு தும்மாது. கொட்டகைக்கு வெளியே பத்தடி தள்ளி ஊரே வடம் பிடித்து வந்துகொண்டிருந்தது. சின்னக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள் அல்லவா, அது ஞாபகம் வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். அம்மனே மன்னிச்சிக்கோ என்று சொல்லிக் கண்ணாடியை ஒரே இழுப்பாகத் துடைத்தேன்.

சிவப்புக் கோட்டைத் தாண்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல், முள் கடைசி ஆணியில் முட்டிக்கொண்டு துடித்தது.

நான் யாரையும் பார்க்கவில்லை. ஓடிப்போய் இன்ஜினை அணைத்தேன். பெல்ட் பட் பட்டென்று அடித்துக்கொண்டு நின்றது. வெளியே மேளம் மட்டும் கேட்டது.

துரை ஏதோ சொன்னார். துபாசி என்னைப் பார்த்தார். "யாரு நிறுத்தச் சொன்னதுன்னு கேக்கறாரு."

"யாரும் சொல்லலீங்க."

அன்றைக்கு முதன்முறையாகத் துபாசி என் பதிலை அப்படியே, இரண்டே வார்த்தையில் சொன்னார். துரை எழுந்து போய் கேஜைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, பேனாவைத் திறந்து எழுதினார்.

"தேறல" என்றார் துபாசி.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சோகைக் கொல்லையை நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஐயோ, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு ஆசை அந்த வேலை மேல்.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தார். கையில் அர்ச்சனைத் தட்டு. மிஷின் நின்றிருந்தது. கேஜ் வெறுங்கண்ணாடியாக இருந்தது. என் துண்டு சிவப்பாக இருந்தது.

"அடப் பாவி! என் பொண்ணு நெத்தியில கை வச்சிட்டியாடா! மூளி ஆக்கிட்டியேடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் துரை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "பாக்க வந்தவங்க எதிர்லயே பொட்ட அழிச்சா அவங்க எப்பிடிடா புடிச்சிருக்குன்னு சொல்லுவாங்க?"

"அம்மா, தண்ணி வரல. சூடேறிப்போச்சி. வெடிச்சிருக்கும்."

"தண்ணி எப்பிடிடா வராம போவும்? ஊருக்கே தண்ணி குடுத்துனு இருக்கறோம் நாம!" என்றவர் சட்டென்று நிறுத்தினார். தட்டை முதலாளி கையில் திணித்துவிட்டுப் பின்பக்கம் போனார். நானும் ஓடினேன். அப்போதுதான் விஷயம் வெளிச்சமானது.

தேருக்கு வருகிறவர்களுக்காக முதலாளி தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார். நீர்மோர், பானகம். பந்தல் ஆட்கள் நல்ல தண்ணீருக்கு எங்கே போவார்கள்? தானாகப் பொங்கி வரும் எங்கள் குழாய்க் கிணற்றில் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். தளும்பத் தளும்பத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. அண்டா அண்டாவாக மொண்டுவிட்டார்கள். மிஷினுக்குப் போக வேண்டிய தண்ணீர் ஊர் வயிற்றில் மோராக இருந்தது. தொட்டி அடியில் பாசியும் ஒரு தவளையும் இருந்தன. "புண்ணியம் அம்மா, ஒருத்தரு பாக்கி இல்லாம குடிச்சிட்டாங்க" என்று பந்தல்காரர் சந்தோஷமாகச் சொன்னார்.

அம்மா தவளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று கொட்டகைக்குள் வந்து துபாசி முன்னால் நின்றார்.

"அவன் நிறுத்தலன்னா இன்னா ஆயிருக்கும்னு தொரைய கேளு."

துபாசி கேட்டார். துரை தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார். துபாசி மிஷினை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு சொன்னார். "இந்தக் கொட்டா இருந்திருக்காதுங்கறாரு. நாமளும் இருந்திருக்க மாட்டோம்."

"அப்போ நாம எல்லாம் இப்ப உசுரோட நிக்கறோமே, அதுக்குப் பேருதான் தேறலையா? கேளு."

இதைத் துபாசி எப்படிச் சொன்னாரோ தெரியாது. துரை எழுதியதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ரொம்பப் பணிவாக எழுந்து நின்று, "உய், மதாம்" என்றார். ஆமாம் அம்மா, விதிப்படி அப்படித்தான் என்று அர்த்தம்.

வணக்கம் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வாசல்வரைதான் போக முடிந்தது. தேர்ச் சக்கரம் மண்ணில் இறங்கி, சரியாக எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு தேர் நின்றுவிட்டது. நெம்புகட்டை கொண்டுவா, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கச் சன்னக்கட்டை கொண்டுவா என்று ஊரே கத்திக்கொண்டிருந்தது. ஓர் ஆள் நுழையக்கூட இடமில்லை. மேலிருந்த குருக்கள் எங்களைப் பார்த்து, ராகுகாலம் போய்விட்டது, இனிமேல் துடைக்கலாம் என்று கை காட்டினார்.

"போவ முடியாதில்ல? அப்ப உக்காருங்க" என்றார் அம்மா. "பொழுது இன்னும் போவல. இன்னிக்கித்தான பரிச்சைன்னு சொன்னீங்க? மறுபடியும் வையிங்க."

துரை விதிகளை யோசித்தார். ஒரே நாளில் இரண்டு தடவை வைக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லையாம். வேறு வழியும் இல்லை, பஜ்ஜியும் மீதி இருந்தது. சரி என்றார்.

குழாய்க் கிணற்றுத் தண்ணீர் போதாதென்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு கொல்லை ஆட்கள் குளத்துக்கும் கொட்டகைக்கும் ஓடினார்கள். முதலாளி தலைப்பாகை கட்டிக்கொண்டு தாமும் ஒரு குடம் தூக்கினார். வால்வில் இருந்த மரக்கட்டையை நானே அறுத்து எறிந்தேன். அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். தொட்டி நிறைந்ததும் அம்மா குங்குமச் சிமிழோடு வந்தார். கேஜ் எதிரே நின்று கொஞ்ச நேரம் முள்ளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்க வைக்கட்டும்?" என்றார்.

அந்த அம்மா என்னிடம் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. கேஜுக்குக் கீழே, மிஷின் மார்பில் இருந்த பித்தளைத் தகட்டைக் காட்டினேன். அங்கே வைத்தார். பிறகு பின்பக்கம் போய்த் தொட்டி விளிம்பில் ஒரு விறகுக் கட்டையோடு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு கவர்னரே வந்து ஒரு சொம்பு தண்ணீர் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

இரண்டாம் பரீட்சையில் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஆபரேட்டரின் வேலை நாளில் சொல்ல ஒன்றும் இருக்கக் கூடாது. முள் தன் இடத்தில் நின்றது. அழுத்தம் என்ன என்று துரை கேட்டபோதெல்லாம் பார்த்துச் சொன்னேன். முடியப்போகும் நேரத்தில் துரை பேனாவை மூடிவிட்டு, நேராக என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"மறுபடியும் முள்ளு செவப்பத் தாண்டுதுன்னு வையி" என்றார் துபாசி. "தொரை எதிர்ல நின்னு, நிறுத்தாதன்னு உத்தரவு போடறாரு. நீ இன்னா செய்வ?" என்று கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "கீழ்ப்படிவேன்னு சொல்லிடுடா. அதான் விதி. தேறிடுவ" என்றார்.

முதலாளி பின்னால் நின்று தலையை வேகமாக ஆட்டினார். எனக்கும் சொல்லத்தான் ஆசை. ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தைக்கு இந்தப் பக்கம் கரும்புக் கொல்லை, அந்தப் பக்கம் மிஷின். வாயைத் திறந்தேன். முள் ஆணியில் முட்டித் துடித்ததுதான் கண்ணில் நின்றது.

"நிறுத்திடுவேங்க" என்றேன். "மறுபடியும் தேறலன்னு எழுதிக்கச் சொல்லுங்க."

துபாசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். துரை பக்கம் திரும்பி ஆரம்பித்தார். நான் சொன்னது அவ்வளவுதான். அவர் சொன்னது ஒரு புராணம். கையை விரித்தார், மார்பைத் தொட்டார், வெளியே தேரைக் காட்டினார், ஒரு இடத்தில் குரல்கூடத் தழுதழுத்தது. துரை கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"தேறிட்ட" என்றார் துபாசி.

தேர் நகர்ந்தது. துரை வண்டி ஏறப் போனார். நான் துபாசியின் பின்னாலேயே ஓடினேன். "ஐயா, தொரைகிட்ட இன்னா சொன்னீங்க? நான் சொன்னத்த சொன்னீங்களா?"

அவர் கையில் மிச்ச பஜ்ஜியை இலையில் சுற்றி வைத்திருந்தார். "அதெல்லாம் உனுக்கு எதுக்கு? தேறிட்ட இல்ல, போ" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

தம்பிகளே, அந்தப் பிரெவேயை வைத்துத்தான் இத்தனை வருஷம் சோறு தின்றேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். நாளைக்கு நீங்களும் வாங்குவீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள், சந்தோஷம். ஆனால் சாயங்காலம் கிடைத்த அந்தத் தேர்ச்சி என்னுடையதா, துபாசியுடையதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காலையில் 'தேறல' என்று எழுதினார்களே, அதில் சந்தேகமே இல்லை. அதை நானேதான் வாங்கினேன்.